என்டிஏ-வில் சேரப் பதினாறரை வயது: எந்த நாளில் கணக்கிடப்படுகிறது, எந்தச் சான்று செல்லும்?

புது தில்லி: வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க 18 வயது நிறைந்திருக்க வேண்டும். கியர் உள்ள இருசக்கர வாகனத்தை ஓட்ட உரிமம் பெறுவதற்கும் அதே வயதுதான். ஆனால், இந்திய முப்படைகளில் அதிகாரியாவதற்கான பயிற்சியில் கால் வைக்கப் பதினாறரை வயது போதும்.

என்டிஏ எனச் சுருக்கமாக அழைக்கப்படும் தேசிய பாதுகாப்பு அகாடமியின் நுழைவு வயது இது. தேர்தல் செய்திகளில் இதே எழுத்துகள் ஓர் அரசியல் கூட்டணியைக் குறிக்கும். இங்கே பேசப்படுவது மகாராஷ்டிர மாநிலம் புனே அருகே கடக்வாஸ்லாவில், 1955-ஆம் ஆண்டு ஜனவரி 16 அன்று முறைப்படி தொடங்கிவைக்கப்பட்ட பயிற்சி அகாடமி. ராணுவம், கடற்படை, விமானப்படை ஆகிய மூன்றுக்கும் அதிகாரிகளாக வரவிருப்போர் இங்கு 3 ஆண்டுகள் ஒன்றாகப் பயில்கின்றனர்.

இதற்கான நுழைவுத் தேர்வை யுபிஎஸ்சி எனப்படும் மத்திய பணியாளர் தேர்வாணையம் ஆண்டுக்கு இருமுறை நடத்துகிறது. எழுத்துத் தேர்வுக்கு 900 மதிப்பெண்கள், அதன் பின்னர் படைத் தேர்வு வாரியம் நடத்தும் நேர்முகத் தேர்வுக்கு 900 மதிப்பெண்கள். மாணவர்களின் அச்சமெல்லாம் கணிதத் தாளின் மீதுதான். ஆனால், கணிதத்தில் தவறுவோர் அடுத்த முறை எழுதலாம். பிறந்த தேதிக்கான கட்டத்தில் தவறுவோருக்கு அந்த வாய்ப்பு பெரும்பாலும் கிடைப்பதில்லை. இந்தக் கட்டுரை அந்த ஒரு கட்டத்தைப் பற்றியது.

தேர்வு நாள் அல்ல, பயிற்சி தொடங்கும் நாள்

‘பதினாறரை முதல் பத்தொன்பதரை வரை’ என்று பொதுவாகச் சொல்லப்பட்டாலும், யுபிஎஸ்சி அறிவிக்கையில் வயது எண்ணாகக் குறிப்பிடப்படுவதில்லை. எந்தத் தேதிக்கும் எந்தத் தேதிக்கும் இடையே பிறந்திருக்க வேண்டும் என்றே அதில் கூறப்பட்டிருக்கும். வயது கணக்கிடப்படுவது விண்ணப்பிக்கும் நாளையோ தேர்வு எழுதும் நாளையோ வைத்து அல்ல. தேர்வு, நேர்முகத் தேர்வு, மருத்துவப் பரிசோதனை எல்லாம் முடிந்து, பயிற்சி தொடங்கும் காலமே அளவுகோல்.

எடுத்துக்காட்டாக, 2025-ஆம் ஆண்டின் முதலாவது தேர்வு அந்த ஆண்டு ஏப்ரல் 13 அன்று நடைபெற்றது. அதற்குரிய 155-ஆவது பயிற்சி அணி சேரும் காலம் 2026 ஜனவரி தொடக்கம். எனவே, 2006 ஜூலை 2-க்கு முன்னரும் 2009 ஜூலை 1-க்குப் பின்னரும் பிறந்தவர்கள் விண்ணப்பிக்க இயலாது என அறிவிக்கப்பட்டது. 2009 ஜூலை 1 அன்று பிறந்த ஒருவர், தேர்வு நாளில் 15 வயதும் 9 மாதங்களும்தான் நிறைந்தவராக இருப்பார். ஆயினும் விதிப்படி அவர் தகுதியுடையவர். அதற்கு மறுநாள், ஜூலை 2 அன்று பிறந்தவர் தகுதியற்றவர்.

இந்த ஒரு நாள் வித்தியாசத்திற்கு விலக்கு கோர இடமில்லை. மத்திய அரசுப் பணிகளுக்கான பல தேர்வுகளில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், இதர பிற்படுத்தப்பட்டோர் ஆகியோருக்கு வயது வரம்பில் தளர்வு உண்டு. என்டிஏ தேர்வில் அத்தகைய தளர்வு எந்தப் பிரிவினருக்கும் இல்லை. பட்டியல் சாதி, பழங்குடித் தேர்வர்களுக்கும் பெண்களுக்கும் தேர்வுக் கட்டணத்திலிருந்து மட்டுமே விலக்கு அளிக்கப்படுகிறது. கட்டண விலக்கை வயதுத் தளர்வு எனத் தவறாகப் புரிந்துகொண்டு விண்ணப்பிப்பவர்கள், படிவம் நிராகரிக்கப்பட்ட பின்னரே உண்மையை அறிகின்றனர்.

குறைந்தபட்ச வயதை எட்டாதவருக்கு இழப்பு பெரிதல்ல. மேலே சொன்ன ஜூலை 2 அன்று பிறந்தவர், அதே ஆண்டு செப்டம்பரில் நடந்த இரண்டாவது தேர்வுக்குத் தகுதி பெற்றுவிட்டார். அதற்கான பிந்தைய எல்லை 2010 ஜனவரி 1. அவருக்கு விதி சொல்வது ‘பொறுத்திரு’ என்பது மட்டுமே. மேல் வரம்பைத் தாண்டியவருக்கோ கடக்வாஸ்லாவின் கதவு நிரந்தரமாக மூடிவிடுகிறது.

முதல் வகுப்பில் சேர்ந்த வயதும் முக்கியம்

பதினாறரை வயதாகிவிட்டாலே போதாது. 12-ஆம் வகுப்பில் பயின்றுகொண்டோ, அதை முடித்தோ இருக்க வேண்டும். 11-ஆம் வகுப்பு மாணவர்கள் விண்ணப்பிக்க முடியாது. ராணுவப் பிரிவுக்கு 12-ஆம் வகுப்பில் எந்தப் பாடப்பிரிவும் ஏற்கத்தக்கது. கடற்படை, விமானப்படைப் பிரிவுகளுக்கு இயற்பியல், வேதியியல், கணிதம் கட்டாயம். ஆகவே நடைமுறையில் குறைந்தபட்ச வயதைத் தீர்மானிப்பது, குழந்தை எந்த வயதில் முதல் வகுப்பில் சேர்க்கப்பட்டது என்பதுதான். இதைப் பெற்றோர் பலரும் யோசிப்பதில்லை.

கணக்குக்காக இரு மாணவர்களை எடுத்துக்கொள்வோம். இருவரும் 2014 ஜூனில் முதல் வகுப்பில் சேர்ந்தனர். 2025-26-இல் 12-ஆம் வகுப்பு. ஒருவர் 2009 மார்ச் 10 அன்று பிறந்து, 5 வயதில் பள்ளி சென்றவர். மற்றவர் 2008 மார்ச் 10 அன்று பிறந்து, 6 வயதில் சென்றவர். தேர்வு இப்போதுள்ளபடியே ஆண்டுக்கு இருமுறை நடந்தால், இளையவர் 2028 ஜூலையில் தொடங்கும் பயிற்சி வரை 5 முறை முயலலாம். மூத்தவருக்கு 2027 ஜூலைப் பயிற்சியோடு வயது முடிந்துவிடுகிறது. அவருக்குக் கிடைப்பது 3 வாய்ப்புகள் மட்டுமே.

தேசிய கல்விக் கொள்கையின்படி முதல் வகுப்புச் சேர்க்கைக்கு 6 வயது நிறைந்திருக்க வேண்டும் என மத்திய அரசு வலியுறுத்துகிறது. கேந்திரிய வித்யாலயா பள்ளிகள் 2022-23 கல்வியாண்டு முதல் இதைப் பின்பற்றுகின்றன. தமிழ்நாட்டில் 5 வயது நிறைந்த குழந்தைகள் முதல் வகுப்பில் சேர்க்கப்படுகின்றனர். 6 வயதில் பள்ளியைத் தொடங்குவதற்குக் கல்வியியல் சார்ந்த நியாயங்கள் உண்டு. ஆனால் என்டிஏ வயது வரம்பு மாறாமல் இருக்கும்வரை, அம்முறையில் பயிலும் மாணவருக்கு இத்தேர்வில் இரண்டு வாய்ப்புகள் குறைகின்றன என்பதையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது.

ஜாதகம் செல்லாது

வயதுக்கான சான்றாக யுபிஎஸ்சி ஏற்பது ஒன்றே ஒன்றுதான்: பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அல்லது அதற்கு இணையான சான்றிதழில் பதிவாகியுள்ள பிறந்த தேதி. ஜாதகம், பிரமாணப் பத்திரம், மாநகராட்சியின் பிறப்புப் பதிவேட்டு நகல், பணிப் பதிவேடு போன்றவை ஏற்கப்பட மாட்டா என அறிவிக்கையிலேயே வெளிப்படையாகக் கூறப்பட்டுள்ளது. அரசு அறிவிக்கை ஒன்றில் ஜாதகம் பெயர் சொல்லி விலக்கப்படுவது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அந்த வரியின் பின்னால், பிறப்பைப் பதிவு செய்யும் வழக்கம் பரவாத காலத்தின் நீண்ட வரலாறு இருக்கிறது.

பள்ளியில் சேர்க்கும்போது வயது போதாத குழந்தைக்குச் சில மாதங்களைக் கூட்டிச் சொல்வதும், ஆசிரியரே ஒரு தேதியை எழுதிக்கொள்வதும் நம் ஊர்களில் அறியாத செய்தி அல்ல. முந்தைய தலைமுறையினரில் வீட்டில் கொண்டாடும் பிறந்தநாள் ஒன்றும் சான்றிதழில் உள்ள பிறந்தநாள் வேறொன்றுமாக இருப்போர் ஏராளம். பெரும்பாலான வேலைகளில் இந்த முரண் ஓய்வுபெறும் நாளை மட்டுமே சற்று நகர்த்தும். ராணுவத்தில் அது எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு நாடறிந்த சான்று, முன்னாள் தலைமைத் தளபதி ஜெனரல் வி.கே. சிங்கின் வழக்கு.

அவரது பள்ளிச் சான்றிதழில் இருந்த பிறந்த தேதி 1951 மே 10. என்டிஏ நுழைவுத் தேர்வுக்காக 1965-இல் யுபிஎஸ்சி-க்கு அளித்த படிவத்தில் எழுதப்பட்டிருந்தது 1950 மே 10. ராணுவத் தலைமையகத்திலேயே ஒரு பிரிவின் பதிவேட்டில் ஓர் ஆண்டும், மற்றொரு பிரிவின் பதிவேட்டில் வேறோர் ஆண்டும் இருந்தன. பல பதவி உயர்வுகளைக் கடந்து, 2010 மார்ச் 31 அன்று அவர் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்றார். அப்பதவியின் காலம் 3 ஆண்டுகள் அல்லது 62 வயது, இவற்றில் எது முந்துகிறதோ அது. 1951 ஏற்கப்பட்டிருந்தால் ஏறத்தாழ 10 மாதங்கள் கூடுதலாகப் பதவியில் இருந்திருப்பார். பாதுகாப்பு அமைச்சகம் 1950-ஐயே அதிகாரபூர்வ ஆண்டாகக் கொண்டது.

பதவியில் இருக்கும் தலைமைத் தளபதி ஒருவர், தமது பிறந்த தேதிக்காக 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தை நாடினார். பிப்ரவரி 10 அன்று, நீதிபதிகள் ஆர்.எம். லோதா, ஹெச்.எல். கோகலே அமர்வு நிவாரணம் வழங்க முன்வராத நிலையில், அவர் மனுவைத் திரும்பப் பெற்றார். அவர் உண்மையில் எந்த ஆண்டு பிறந்தார் என்பது நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வியன்று. பணிப் பதிவேட்டில் எந்த ஆண்டு ஏற்கப்பட்டது என்பதுதான் கேள்வி. அவரது நேர்மையை அரசு சந்தேகிக்கவில்லை என்பதும் பதிவு செய்யப்பட்டது. அதே ஆண்டு மே 31 அன்று அவர் ஓய்வு பெற்றார். பள்ளிப் பருவத்தில் நிரப்பிய படிவத்தின் ஒரு கட்டம், நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் அவரை விடவில்லை.

ஏன் பதினாறரை?

என்டிஏ-வில் 3 ஆண்டுகள் முடித்தவர்கள், அதன் பின்னர் டேராடூனில் உள்ள இந்திய ராணுவ அகாடமியிலோ, கேரளத்தின் ஏழிமலையில் உள்ள கடற்படை அகாடமியிலோ, ஹைதராபாத் அருகே துண்டிகலில் உள்ள விமானப்படை அகாடமியிலோ மேலும் பயிற்சி பெறுகின்றனர். ராணுவப் பிரிவினருக்கு அது ஓராண்டு. ஆக, மிக இளைய வயதில் நுழைந்தவரும் அதிகாரியாகும்போது இருபதரை வயதை எட்டியிருப்பார். ராணுவத்தின் பதவிக் கட்டமைப்பு கூம்பு வடிவிலானது. மேஜர் ஜெனரல் 58 வயதிலும் லெப்டினன்ட் ஜெனரல் 60 வயதிலும் ஓய்வுபெற வேண்டும். இளம் வயதில் நுழைபவருக்கே உயர் பதவிகளை எட்ட ஆண்டுகள் மிஞ்சுகின்றன.

வளரும் பருவத்தில் உள்ளவர்களைத் தேர்வு செய்கிறோம் என்பதை விதிகளும் மறக்கவில்லை. ஆண்களுக்கான பொதுவான குறைந்தபட்ச உயரம் 157 செ.மீ. பரிசோதனையின்போது 18 வயது நிறையாதவர்களுக்கு 2 செ.மீ. வரை சலுகை உண்டு. இன்னும் வளரக்கூடும் என்பதே காரணம். வயது வரம்பில் ஒரு நாளைக்கூட விட்டுத்தராத அறிவிக்கை, உயரத்தில் இவ்வளவு இரக்கம் காட்டுகிறது.

18 வயதுக்கு உட்பட்டோர் சட்டப்படி குழந்தைகள் அல்லவா, அவர்களைப் படையில் சேர்க்கலாமா என்ற கேள்வி எழுவது இயல்பு. ஆயுத மோதல்களில் குழந்தைகள் ஈடுபடுத்தப்படுவதைத் தடுக்கும் ஐ.நா. விருப்ப நெறிமுறை 2000-இல் ஏற்கப்பட்டு, 2002-இல் நடைமுறைக்கு வந்தது. கட்டாய ஆள்சேர்ப்புக்கு 18 வயது என அது வரையறுத்தது. தாமாக முன்வந்து சேர்பவர்களுக்கான வயதை ஒவ்வொரு நாடும் அறிவிக்க வேண்டும் என்றது. படைகளால் நடத்தப்படும் கல்வி நிலையங்களுக்கு, வயதை உயர்த்த வேண்டும் என்ற நிபந்தனையிலிருந்து விலக்கும் அளித்தது. 2005-இல் இதை ஏற்புறுதி செய்த இந்தியா, படைகளில் சேரும் குறைந்தபட்ச வயது 16 என்றும், பயிற்சி முடிந்து 18 வயது நிறைந்த பின்னரே எவரும் களப்பகுதிக்கு அனுப்பப்படுவர் என்றும் அறிவித்தது. சிப்பாய் நிலையில் அக்னிவீரர்களாகச் சேர்வோருக்குக் குறைந்தபட்ச வயது பதினேழரை என்பதால், இந்த உறுதிமொழி நேரடியாகப் பொருள்படுவது அவர்களுக்குத்தான். நான்காண்டுப் பயிற்சியைக் கடந்து வரும் என்டிஏ அதிகாரிகள் அந்த வயதை முன்பே தாண்டிவிடுகின்றனர்.

பெண்களுக்கு மூன்று ஆண்டுகள் தாமதமாகத் திறந்த கதவு

2021 வரை இந்தப் பதினாறரை வயது ஆண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. ராணுவத்தில் அதிகாரியாக விரும்பிய பெண், பட்டப்படிப்பை முடித்து, சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமி போன்ற வழிகளில் குறுகிய காலப் பணிக்கே செல்ல முடிந்தது. அதாவது, ஒரே வகுப்பில் படித்த மாணவனும் மாணவியும் படைக்குச் செல்ல விரும்பினால், அவன் 12-ஆம் வகுப்பு முடித்ததும் செல்லலாம். அவள் மேலும் மூன்று ஆண்டுகளாவது காத்திருக்க வேண்டும். பணிமூப்பே எல்லாமாக உள்ள ஓர் அமைப்பில் இந்தத் தாமதம் சிறிய விஷயமன்று.

வழக்கறிஞர் குஷ் கல்ரா தொடுத்த பொதுநல வழக்கில், பெண்களையும் என்டிஏ தேர்வு எழுத அனுமதிக்குமாறு உச்ச நீதிமன்றம் 2021 ஆகஸ்ட் 18 அன்று இடைக்கால உத்தரவிட்டது. ஏற்பாடுகளுக்கு அவகாசம் வேண்டும், 2022 மே மாதத் தேர்விலிருந்து அனுமதிக்கிறோம் என்ற அரசின் கோரிக்கையையும் செப்டம்பரில் நீதிமன்றம் ஏற்கவில்லை. ஓர் ஆண்டு தள்ளிப்போனால் வயது வரம்பைக் கடந்துவிடும் மாணவிகளுக்கு அது என்றென்றைக்குமான இழப்பாகியிருக்கும். அந்த ஆண்டு நவம்பர் 14 அன்றே பெண்கள் தேர்வு எழுதினர்.

2022-இல் 148-ஆவது அணியில் 19 பெண்கள் சேர்ந்தனர். அவர்களில் 17 பேர் 2025 மே 30 அன்று 300-க்கும் மேற்பட்ட ஆண் பயிற்சி வீரர்களுடன் நிறைவு அணிவகுப்பில் நடந்தனர். அந்த அணிவகுப்பைப் பார்வையிட்டவர் மிசோரம் ஆளுநராகியிருந்த ஜெனரல் வி.கே. சிங்.

கையெழுத்திடுவது பெற்றோர்

பதினாறரை வயதில் நுழையும் ஒருவர் தாமாக ஒப்பந்தம் செய்துகொள்ளச் சட்டம் இடமளிப்பதில்லை. எனவே, தேர்வு மற்றும் மருத்துவப் பரிசோதனைகளின்போது ஏற்படும் காயத்திற்கு இழப்பீடு கோர முடியாது என்பதை அறிந்துள்ளதாகப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையெழுத்திட வேண்டும். பயிற்சி, தங்குமிடம், உணவு, சீருடை, புத்தகம், மருத்துவம் ஆகியவற்றின் செலவை அரசே ஏற்கிறது. கைச்செலவுக்கான பணம் வீட்டிலிருந்துதான் வர வேண்டும். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசின் நிதியுதவி உண்டு. மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை என விளம்பரங்களில் காணப்படும் தொகை, கடக்வாஸ்லாவின் 3 ஆண்டுகளுக்கு உரியதன்று. இறுதிக்கட்டப் பயிற்சிக் காலத்திற்கு உரியது.

பயிற்சியில் இருக்கும்வரை அவர் அதிகாரி அல்லர். இதன் பொருள் என்ன என்பது 2025 ஆகஸ்டில் பரவலாகத் தெரியவந்தது. பயிற்சியின்போது உடல் ஊனமுற்று மருத்துவக் காரணங்களால் வெளியேற்றப்பட்டவர்கள் முன்னாள் படைவீரர்களாகக் கருதப்படுவதில்லை. 1985 முதல் இவ்வாறு வெளியேறியோர் ஏறத்தாழ 500 பேர் என்ற பத்திரிகைச் செய்தியை உச்ச நீதிமன்றம் தாமாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. நீதிபதிகள் பி.வி. நாகரத்னா, ஆர். மகாதேவன் அமர்வு இதை விசாரித்தது. அம்மாத இறுதியில், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டத்தை இவர்களுக்கும் அரசு விரிவுபடுத்தியது. படிவத்தில் கையெழுத்திடும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது. அறிவிக்கையைப் படித்து மட்டும் இதைத் தெரிந்துகொள்ள இயலாது.

பத்தொன்பதரையைத் தாண்டியவர்களுக்கு

வயது கடந்தவர்களுக்கு, பட்டப்படிப்பின் வழியே யுபிஎஸ்சி நடத்தும் ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வு உள்ளது. டேராடூன் ராணுவ அகாடமிக்கும் ஏழிமலைக்கும் 19 முதல் 24 வயது; சென்னை அகாடமிக்கு 19 முதல் 25 வயது. விமானப்படை அகாடமிக்கு 20 முதல் 24 வயது என்றாலும், செல்லத்தக்க வணிக விமானி உரிமம் வைத்திருப்போருக்கு 26 வரை தளர்வு உண்டு. உரிமம் ஒன்றுக்காக வயது தளர்த்தப்படும் அரிதான இடம் இதுவே.

இளைய பருவத்திலேயே தொடங்க விரும்புவோருக்கு வேறு படிகள் உள்ளன. டேராடூனில் 1922-இல் நிறுவப்பட்ட ராஷ்ட்ரிய இந்திய ராணுவக் கல்லூரியின் 8-ஆம் வகுப்பில் சேரப் பதினொன்றரை முதல் 13 வயதுக்குள் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கான நுழைவுத் தேர்வை டிஎன்பிஎஸ்சி நடத்துகிறது. திருப்பூர் மாவட்டம் அமராவதி நகர் உள்ளிட்ட சைனிக் பள்ளிகளில் 6-ஆம் வகுப்புக்கு 10 முதல் 12 வயது. இவை பள்ளிகளே, இங்கு பயின்றவர்களும் என்டிஏ-வுக்கு மற்றவர்களைப் போலவே தேர்வெழுத வேண்டும்.

திருத்தம் எப்போது?

யுபிஎஸ்சி ஒருமுறை ஏற்றுக்கொண்ட பிறந்த தேதியைப் பின்னர் மாற்றக் கோரினால் பரிசீலிக்கப்படுவதில்லை. ஆதார் அட்டையைக் காட்டித் திருத்தம் கேட்பதும் பயனளிக்காது. ஆதார் அடையாளத்திற்கான சான்றே தவிர, பிறந்த தேதிக்கான சான்று அல்ல என உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் சுட்டிக்காட்டியுள்ளது. எனவே, பிழையைத் திருத்த வேண்டிய இடம் கல்வி வாரியம். பிறப்புச் சான்றிதழ் போன்ற பொது ஆவணங்களின் அடிப்படையில் வரும் திருத்தக் கோரிக்கைகளை சிபிஎஸ்இ பரிசீலிக்க வேண்டும் என 2021 ஜூன் 3 அன்று ஜிக்யா யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அதற்கு மாதங்கள் பிடிக்கலாம். என்டிஏ விண்ணப்பத்திற்கான அவகாசம் சில வாரங்களே. சிபிஎஸ்இ பள்ளிகளில் 9-ஆம் வகுப்பில் மாணவர் பதிவு நடைபெறும்போதும், மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் தயாராகும்போதும், பிறப்புச் சான்றிதழை அருகில் வைத்துக்கொண்டு தேதியை ஒப்பிட்டுப் பார்ப்பதே எளிய வழி.

2023-இல் திருத்தப்பட்ட பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் அந்த ஆண்டு அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்றும் அதற்குப் பின்னரும் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, அரசுப் பணி உள்ளிட்டவற்றில் பிறந்த தேதிக்கான ஒரே சான்று பிறப்புச் சான்றிதழே என அது கூறுகிறது. அவர்களில் முதலாமவர்கள் பதினாறரை வயதை எட்டுவது 2040 ஏப்ரலில். இப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களுக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அச்சாகும் தேதியே இத்தேர்வில் செல்லுபடியாகும்.